கரண்ட் கம்பியைக் கழற்றுங்கள்! கிராம சபைக்கு வாருங்கள்!

தோழர்களே!

முதலமடையின் விவசாயத் தோழர்களே! மாந்தோப்பில் கூலிக்குப் போகும் தோழர்களே! பாட்டத்துக்கு நிலம் எடுத்து, கடன் வாங்கிக் கடலை போட்ட தோழர்களே! பறம்பிக்குளம் மலையடியில் குடியிருக்கும் எரவாளர், மலசர் தோழர்களே! கோவிந்தாபுரம் முதல் செம்மணாம்பதி வரை, சுள்ளியாறு முதல் மீன்கரை வரை, வரப்பில் கால் வைத்துப் பிழைக்கும் அத்தனை பேரும் கேளுங்கள்!

எழுந்திருங்கள். இன்றே எழுந்திருங்கள். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிச் சொல்லியே இவ்வளவையும் இழந்தோம்.

இன்று ராத்திரியும் பன்றி இறங்கும். கூட்டமாக இறங்கும். தின்பது கொஞ்சம், புரட்டிப் போடுவது அதிகம். மூக்கை மண்ணில் நட்டு வரிசை வரிசையாகக் கிளறும். காய் பிடித்த கடலைச் செடி வேர் மேலே, இலை கீழே என்று கிடக்கும். மரவள்ளிக் கிழங்கு பாதி கடிபட்டுக் கிடக்கும். போன மாசம் வைத்த தென்னங்கன்று சாய்ந்து கிடக்கும். விடிந்ததும் போய்ப் பார்த்துவிட்டு, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வரப்பில் உட்கார்ந்துவிடுகிறோம்.

அப்புறம் என்ன செய்கிறோம்? பேசாமல் இருக்கிறோம்.

பஞ்சாயத்தில் பேசவில்லை. ரேஞ்ச் ஆபீசில் பேசவில்லை. கலெக்டரேட்டில் பேசவில்லை. டீக்கடையில் மட்டும் பேசுகிறோம். டீ ஆறுவதற்குள் அந்தப் பேச்சும் ஆறிவிடுகிறது.

தோழர்களே, இந்த மௌனம் சும்மா கிடக்கவில்லை. ராத்திரியில் அது வேலை செய்கிறது. அது கம்பியாகிறது.

நமக்குத் தெரியும். மோட்டார் ஷெட்டில் இருந்து ஒரு வயர் வரும். முழங்கால் உயரத்துக்கு மரக்குச்சி ஊன்றியிருக்கும். அதில் மொட்டைக் கம்பி ஓடும். இருட்டியதும் சுவிட்ச் போடுவார்கள். விடியும் முன்னே அணைத்துவிட்டுக் கம்பியைச் சுருட்டி வைப்பார்கள். எந்த வரப்பில் ஓடுகிறது, யார் தோட்டத்தில் ஓடுகிறது என்று ஊருக்கே தெரியும். நமக்குத் தெரியாதா? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள், தெரியாதா?

சோலார் வேலி வேறு, இது வேறு. சோலார் வேலியில் மின்சாரம் நொடிக்கு ஒரு தடவை துடித்து உடனே நின்றுவிடும். தொட்ட விலங்கு உதறிக்கொண்டு ஓடும். தொட்ட மனிதன் கையை இழுத்துக்கொள்வான். லைனில் இருந்து நேராக இழுத்த கம்பியில் 230 வோல்ட் நிற்காமல் ஓடும். அது தசையை முறுக்கிப் பிடித்துக்கொள்ளும். விடாது. மழை பெய்து மண் ஈரமாக இருந்தால் தப்பிக்கவே வழி இல்லை.

அந்தக் கம்பி பன்றியா மனிதனா என்று பார்ப்பதில்லை.

2022 மே மாதம். நம் பாலக்காட்டில், முட்டிக்குளங்கரை போலீஸ் முகாமுக்குப் பக்கத்து வயலில் இரண்டு போலீஸ்காரர்கள் செத்துக் கிடந்தார்கள். பன்றிக்கு வைத்த கரண்ட்.

2023 செப்டம்பர். பாலக்காட்டுக்குப் பக்கம் கரிங்கரப்புள்ளி. இரண்டு இளைஞர்கள். அதே கம்பி. கம்பி வைத்தவர் உடல்களை வயலிலேயே குழி தோண்டிப் புதைத்தார். வீட்டார் பிள்ளைகளைக் காணோம் என்று தேடினார்கள். பிள்ளைகள் மண்ணுக்கடியில் கிடந்தார்கள்.

2025 ஜூன். நிலம்பூர் பக்கம் வழிக்கடவு. பதினைந்து வயசுப் பையன். பத்தாம் வகுப்பு. அதே கம்பி. அதே கம்பிதான் தோழர்களே!

இன்னும் எத்தனை பேர் வேண்டும்? அடுத்தது யார்? விடிகாலையில் மாங்காய் பறிக்க நடந்து வரும் நம் அக்காவா? டார்ச் இல்லாமல் குறுக்கு வழியில் ஊருக்குள் வரும் எரவாளர் பையனா? தண்ணீர் திருப்பப் போகும் நம் அப்பாவா?

தீனிக்குள் வெடி வைக்கும் அவுட்டுக்காயும் இதே பாவம்தான். 2020 மே மாதம் மண்ணார்க்காட்டுப் பக்கம் வெடிமருந்து வைத்த தீனியைக் கடித்த சூல் யானை, வாய் கிழிந்து, வெள்ளியாற்றுத் தண்ணீரில் நின்றபடியே உயிர் விட்டது. நாடே பார்த்தது. நாடே திட்டியது. விவசாயியை அந்த இடத்துக்குத் தள்ளியது யார் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. நாமும் கேட்கவில்லை.

கேட்போம். இப்போது கேட்போம். சத்தமாகக் கேட்போம்.

நமக்குச் சட்டம் இல்லையா? இருக்கிறது! கையில் எடுத்துப் படியுங்கள்.

1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம். 13-ஆம் பிரிவு. உண்மையாகவே பயிரைக் காக்க ஒரு குடிமகன் குழல் வாயில் மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் கேட்டால், மறுக்கத் தக்க காரணம் சட்டத்தில் இல்லாதபோது, அதிகாரி உரிமம் வழங்கியாக வேண்டும். அது போதாது என்று அதிகாரிக்குப் பட்டால் வேறு வகைக் குழல் துப்பாக்கிக்கும் உரிமம் தரலாம்.

14-ஆம் பிரிவு. உனக்குப் போதிய சொத்து இல்லை என்ற ஒரே காரணத்துக்காக உரிமத்தை மறுக்கக் கூடாது. கேட்டீர்களா? சொத்து இல்லை என்பதற்காக மறுக்கக் கூடாது! பாட்டக்காரனுக்கும் இது சட்டம். அரை ஏக்கர்க்காரனுக்கும் இது சட்டம். மறுத்தால் காரணத்தை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும். மறுப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்ய 18-ஆம் பிரிவு இருக்கிறது.

1878-ல் லிட்டன் பிரபு கொண்டுவந்த ஆயுதச் சட்டம் வெள்ளைக்காரனுக்கு விலக்குக் கொடுத்து, இந்தியன் கையைக் கட்டியது. அந்தச் சட்டத்தைத் தூக்கி எறிந்துவிட்டுச் சுதந்திர இந்தியா எழுதிய சட்டம் இது. பயிருக்காகவும் ஏழைக்காகவும் அதில் இடம் வைத்திருக்கிறார்கள். அந்த இடத்தில் போய் நிற்க நமக்கு ஏன் இத்தனை பயம்?

இன்னும் இருக்கிறது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 11-ஆம் பிரிவு. மனித உயிருக்கோ உடைமைக்கோ, நிற்கும் பயிருக்கோ ஆபத்தாகிவிட்ட விலங்கைச் சுட அனுமதி கொடுக்கலாம். அந்த அதிகாரத்தைத்தான் 2022 மே மாதம் கேரள அரசு பஞ்சாயத்துத் தலைவர்கள் கையில் கொடுத்தது. காட்டுக்கு வெளியே பயிரை அழிக்கும் பன்றியைச் சுட உத்தரவிடலாம். உரிமத் துப்பாக்கி உள்ளவர்தான் சுட வேண்டும். விஷம் கூடாது. வெடி கூடாது. கரண்ட் கூடாது. சுட்ட பன்றியை முறைப்படி புதைக்க வேண்டும்.

சரி, உத்தரவு இருக்கிறது. சுடுவதற்கு ஆள் எங்கே? துப்பாக்கி எங்கே?

பன்றி வந்து போன பிறகு ஆளைத் தேடுகிறார்கள். ஆள் கிடைத்தால் உரிமம் புதுப்பிக்கவில்லை என்கிறார்கள். புதுப்பித்திருந்தால் தேர்தல் வந்துவிட்டது, துப்பாக்கி ஸ்டேஷனில் இருக்கிறது என்கிறார்கள். பன்றிக்குத் தேர்தல் உண்டா? நடத்தை விதி உண்டா? கடலை காய் பிடிக்கிற நேரத்தில் துப்பாக்கி பூட்டிக் கிடந்தால் அந்த உத்தரவு யாருக்கு?

உரிமை தாளில் இருக்கிறது. தண்டனை மட்டும் நம் முதுகில் இருக்கிறது.

தண்டனையையும் தெரிந்துகொள்ளுங்கள். 2019 டிசம்பரில் ஆயுதச் சட்டத்தைத் திருத்தினார்கள். ஒருவர் மூன்று துப்பாக்கி வைத்திருக்கலாம் என்று இருந்தது, இரண்டாகக் குறைத்தார்கள். உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் 1 முதல் 3 ஆண்டு என்று இருந்த சிறைவாசம் 2 முதல் 5 ஆண்டு ஆனது. 10,000 ரூபாய்க்குக் குறையாத அபராதமும் உண்டு. உரிமம் இல்லாமல் துப்பாக்கி செய்தால், விற்றால் 7 ஆண்டு முதல் ஆயுள் வரை. அனுமதி இல்லாமல் பன்றியைக் கொன்றால் வனவிலங்குச் சட்டப்படி 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

இத்தனையும் யார் தலையில் விழுகிறது? பட்டறையில் ரகசியமாகச் செய்த கள்ளத் துப்பாக்கியை வாழைக்குலைக்கு அடியில் ஒளித்து வைத்த ஏழை தலையில் விழுகிறது. காட்டோரம் டார்ச்சோடு நடந்த ஆதிவாசிப் பையன் தலையில் சந்தேகமாக விழுகிறது. உரிமம் கேட்டுக் கலெக்டரேட் படி ஏறத் துணியாதவன், கடைசியில் ஜெயில் படி ஏறுகிறான்.

தோழர்களே, ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுவோம். துப்பாக்கிக்குக் கட்டுப்பாடு வேண்டும். கட்டாயம் வேண்டும். அமெரிக்காவைப் பாருங்கள். 2012-ல் சாண்டி ஹூக் பள்ளிக்கூடத்தில் 20 குழந்தைகளைச் சுட்டுக் கொன்ற பிறகுதான் சில மாநிலங்கள் விழித்தன. 2013-ல் கனெக்டிகட் பத்துத் தோட்டாவுக்கு மேல் கொள்ளும் மேகசினுக்குத் தடை போட்டது. கொலராடோ பதினைந்துக்கு மேல் கூடாது என்றது. அந்தத் தடையை உடைக்கவும் அங்கே கோர்ட்டுக்குப் போகிறார்கள். அந்தத் துப்பாக்கி வெறி நமக்கு வேண்டாம். நம் ஊருக்குள் அது வரவே வேண்டாம்.

நாம் கேட்பது வீட்டுக்கு வீடு துப்பாக்கி இல்லை. ஊருக்குச் சில பயிற்சி பெற்ற கைகள். பஞ்சாயத்துக் கணக்கில், ஸ்டேஷன் கணக்கில், வனத்துறைக் கணக்கில் பெயர் உள்ள கைகள். கூப்பிட்ட ராத்திரியே வந்து நிற்கிற கைகள். இவ்வளவுதான் கேட்கிறோம். இதைக் கேட்க எதற்குத் தயக்கம்?

மற்றவர்களுக்குக் கிடைத்ததைப் பாருங்கள். குடகில் பரம்பரை மரபுக்காக உரிமமே இல்லாமல் துப்பாக்கி வைத்திருக்க விலக்கு இருக்கிறது. 2019-ல் அதை 2029 வரை நீட்டினார்கள். 2015-லும் 2016-லும் பீகாரிலும் உத்தராகண்டிலும் காட்டுப்பன்றியைத் தீங்கு விலங்கு என்று மத்திய அரசே குறிப்பிட்ட காலத்துக்கு அறிவித்தது. கேரளம் கேட்டது. திரும்பத் திரும்பக் கேட்டது. மறுத்துவிட்டார்கள். பீகார் விவசாயியின் பயிர் பயிர், நம் பயிர் புல்லா?

2025 அக்டோபரில் கேரளச் சட்டமன்றம் வனவிலங்குச் சட்டத்துக்குத் தன் திருத்தத்தை நிறைவேற்றியது. அது நடைமுறைக்கு வரக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் வேண்டும். அதற்காகக் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கப் போகிறோமா? திருவனந்தபுரமும் டெல்லியும் கடிதம் எழுதிக்கொண்டிருக்கட்டும். நம் வயலில் இன்று ராத்திரி யார் நிற்பது?

கோவிந்தாபுரம் செக்போஸ்ட் தாண்டினால் தமிழ்நாட்டில் வேறு விதி. 2025 ஜனவரியில் அங்கே வரையறுத்தார்கள்: காப்புக்காட்டில் இருந்து 1 கிலோமீட்டருக்குள் சுடக் கூடாது, 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும், 3 கிலோமீட்டருக்கு அப்பால் வனத்துறை சுடலாம். ஒரே மலை. ஒரே பன்றிக் கூட்டம். இரண்டு அரசும் ஒரு மேசையில் உட்கார்ந்து பேசட்டும். உட்கார வைக்க வேண்டியது எல்லையில் வாழும் நாம்தான்.

நாட்டிலேயே முதலில் சந்தைக்கு வரும் மாம்பழங்களில் நம் முதலமடை மாம்பழமும் ஒன்று. டெல்லி வரை போகிறது. நம் பழம் டெல்லிக்குப் போகிறது, நம் குரல் கொல்லங்கோடு வரைகூடப் போகவில்லை. வெட்கமாக இல்லையா?

பயமா? என்ன பயம்? மனுக் கொடுத்தால் கேஸ் போடுவார்கள் என்றா? மனுக் கொடுப்பது குற்றம் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. மலையாளம் எழுத வராது என்றா? அரசியல் சாசனம் 350-ஆம் பிரிவைப் படியுங்கள். குறை தீர்க்கச் சொல்லி மனுக் கொடுக்க, இந்த மாநிலத்தில் வழங்கும் எந்த மொழியிலும் எழுதலாம். தமிழிலேயே எழுதுங்கள். நம் எழுத்தில், நம் கையெழுத்தில், நம் பெயர் போட்டு எழுதுங்கள்.

தனியாகப் போனால் விரட்டுவார்கள். சேர்ந்து போவோம்!

இதோ வேலை. இன்றே தொடங்குங்கள்.

முதல் வேலை, கம்பி. இன்று சாயங்காலமே போங்கள். உங்கள் வரப்பில் இருந்தால் கழற்றுங்கள். பக்கத்து வரப்பில் இருந்தால் அந்த வீட்டு வாசலில் போய் நில்லுங்கள். அண்ணா, கழற்றிவிடு என்று சொல்லுங்கள். மாமா, நம் பிள்ளைகள் நடக்கிற வழி என்று சொல்லுங்கள். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். சாவு வீட்டில் போய் உட்கார்வதைவிட அந்தக் கோபத்தைத் தாங்குவது சுலபம். நான்கு பேராகப் போங்கள். கழற்றும் வரை வாசலை விட்டு நகராதீர்கள்.

இரண்டாவது வேலை, கிராம சபை. 1994-ஆம் ஆண்டு கேரளப் பஞ்சாயத்து ராஜ் சட்டப்படி மூன்று மாசத்துக்கு ஒரு தடவையாவது கிராம சபை கூட வேண்டும். வார்டு வாக்காளர்களில் பத்தில் ஒரு பங்கு பேர் எழுதிக் கேட்டால், வார்டு மெம்பர் 15 நாளுக்குள் சிறப்புக் கிராம சபையைக் கூட்டியாக வேண்டும். நாம் எழுதிக் கொடுக்கிற விஷயத்தை வைத்தே கூட்ட வேண்டும். பத்தில் ஒரு பங்கு! அவ்வளவுதான் தேவை. வீடு வீடாகப் போங்கள். கையெழுத்து வாங்குங்கள். காலனிக்கும் போங்கள். தோப்புக்கும் போங்கள். பெண்களிடம் முதலில் போங்கள். விடிகாலையில் வரப்பில் முதலில் கால் வைப்பவர்கள் அவர்கள்தான்.

மூன்றாவது வேலை, தகவல் உரிமை. இந்தப் பஞ்சாயத்தில் பயிர் காக்க எத்தனை பேர் உரிமம் கேட்டார்கள்? எத்தனை பேருக்குக் கொடுத்தார்கள்? மறுத்ததற்கு என்ன காரணம் எழுதியிருக்கிறார்கள்? பன்றியைச் சுட எத்தனை உத்தரவு போட்டார்கள்? இழப்பீட்டு மனுக்களில் எத்தனைக்குப் பணம் வந்தது? கேளுங்கள். 30 நாளில் பதில் சொல்ல வேண்டும் என்று 2005-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. வந்த பதிலைக் கிராம சபையில் உரக்கப் படியுங்கள்.

கோரிக்கைகளை ஒரே குரலில் சொல்வோம்.

சுடுபவர் பட்டியலைப் பஞ்சாயத்து வாசலில் ஒட்டு! அவர்களுக்குக் கூலியும் காப்பீடும் கொடு!

பயிர் காக்கும் உரிமத்தைப் புதுப்பிக்க நாள் குறி! தேர்தல் நேரத்திலும் பட்டியலில் உள்ளவர் துப்பாக்கிக்கு வழி செய்!

உரிமம் கேட்கும் ஏழையிடம் சொத்துக் கணக்குக் கேட்காதே! 14-ஆம் பிரிவைப் படி!

சோலார் வேலிக்குப் பாட்டக்காரருக்கும் மானியம் கொடு! பட்டா கேட்டு அலைய விடாதே!

இழப்பீட்டை அடுத்த விதைப்புக்கு முன் கொடு!

ஆதிவாசித் தோழர்கள் மேல் சந்தேகக் கேஸ் போடாதே! காடு தெரிந்த அவர்களைக் காவல் வேலைக்கு எடு, கூலி கொடு!

தோழர்களே, இந்த மண்ணில் இதற்கு முன்னும் ஜெயித்திருக்கிறோம். இங்கிருந்து பிலாச்சிமடை எவ்வளவு தூரம்? 2002-ல் ஆதிவாசிப் பெண்கள் கோகோ கோலா ஆலை வாசலில் உட்கார்ந்தார்கள். எரவாளரும் மலசரும் முன்னே உட்கார்ந்தார்கள். கெட்டுப்போன குடத்துத் தண்ணீரைக் காட்டி நியாயம் கேட்டார்கள். உலகத்தின் பெரிய கம்பெனி. 2004-ல் ஆலை நின்றது. நின்றே போனது! அவர்களிடம் துப்பாக்கி இருந்ததா? பணம் இருந்ததா? வாசலை விட்டு எழுந்து போகாத பிடிவாதம் இருந்தது. அதே ரத்தம்தான் நம் உடம்பிலும் ஓடுகிறது.

2020-ல் பறம்பிக்குளத்துத் தேக்கடி காலனிக்காரர்கள் என்ன செய்தார்கள்? சொந்தப் பஞ்சாயத்துக்கு வரத் தமிழ்நாட்டைச் சுற்றி வர வேண்டிய நிலை. பாதை கேட்டுக் கேட்டு அலுத்தார்கள். கடைசியில் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு செம்மணாம்பதிக்குத் தாங்களே வழி வெட்டக் கிளம்பினார்கள். அதன் பிறகுதான் அதிகாரிகள் ஓடி வந்தார்கள். கிளம்பினால்தான் ஓடி வருவார்கள். உட்கார்ந்திருந்தால் ஒருவரும் வர மாட்டார்கள்.

கிளம்புவோம்!

இன்று பேசாவிட்டால் நாளைக்கு ஒரு பிணத்தின் முன்னால்தான் பேச வேண்டியிருக்கும். அப்போது எல்லோரும் பேசுவோம். அமைச்சர் பேசுவார். டிவி பேசும். செத்தவர் எழுந்து வர மாட்டார். கம்பி கட்டியவன் ஜெயிலுக்குப் போவான். அவன் பெண்டாட்டி கடனைக் கட்டுவாள். பன்றி மட்டும் மறுநாளும் வரும்.

பிணம் விழும் முன்னே பேசுவோம். பயிர் போகும் முன்னே பேசுவோம். ஒளித்து வைத்ததை விட்டுவிட்டு, சட்டம் தந்ததைக் கேட்டு வாங்குவோம். பயந்தவன் வீட்டுக்குத் துணையாகப் போவோம். தயங்குபவன் கையைப் பிடித்து இழுத்து வருவோம். ஒருவரையும் விட்டுவிட்டுப் போக மாட்டோம்.

தோழரே, இதைப் படித்து முடித்ததும் செய்ய வேண்டியது இரண்டே காரியம். போய்க் கம்பியைக் கழற்றுங்கள். வந்து கையெழுத்துப் போடுங்கள். உங்கள் வார்டில் பத்தில் ஒரு பங்கு சேரும் வரை நிற்காதீர்கள். சேர்ந்ததும் மெம்பர் கையில் மனுவைக் கொடுத்து, வாங்கிய தேதியை எழுதி வாங்குங்கள். அந்தத் தேதியில் இருந்து 15 நாள் எண்ணுவோம். பதினைந்தாம் நாள் கிராம சபையில், முதல் வரிசையில், முதலமடை முழுக்க உட்கார்ந்திருக்க வேண்டும்!

வாருங்கள் தோழர்களே! இன்றே வாருங்கள்!